படமும் உங்களுடையது, சர்வரும் உங்களுடையது... அப்புறம் கட்டணம் எதற்கு? ஹோம் மீடியா சர்வர் ஒரு விளக்கம்

வீட்டு அலமாரியில் மோசர் பேர் டிவிடிக்கள் இன்னும் கிடக்கிறதா? 2000-களின் பிற்பகுதியில் முப்பது ரூபாய் சுமாருக்குப் படம் விற்ற அந்த நிறுவனமே இப்போது இல்லை. அதைப் போட்டுப் பார்க்க பிளேயரும் பல வீடுகளில் இல்லை. அந்தப் படங்கள், அக்கா கல்யாண வீடியோ, பழைய எம்பி3 பாட்டுகள் எல்லாவற்றையும் ஒரு பழைய லேப்டாப்பில் சேர்த்துவைத்து, ஹால் டிவியில் நெட்ஃப்ளிக்ஸ் மாதிரி போஸ்டர் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியும். இதைத்தான் ஹோம் மீடியா சர்வர் என்கிறார்கள்.

ஐடி வட்டாரத்தில் இந்தப் பேச்சு சூடுபிடிக்கக் காரணம் இருக்கிறது. 2025 ஜூன் 17 முதல் இந்தியாவில் பிரைம் வீடியோவில் விளம்பரம் வந்துவிட்டது. வேண்டாம் என்றால் வருஷத்துக்கு 699 ரூபாய் தனி. 'காசும் கட்டி விளம்பரமும் பார்க்கணுமா?' என்ற எரிச்சல் நியாயமானதே.

ஆனால் சர்வர் பக்கமும் விலை ஏறியது

இந்தத் துறையில் பிரபலமான மென்பொருள் ப்ளெக்ஸ். 2025 ஏப்ரல் 29 முதல் அதன் வாழ்நாள் சந்தா 119.99 டாலரிலிருந்து 249.99 டாலர் ஆனது. நம்ம காசுக்கு இருபதாயிரத்துக்கும் மேல். அதைவிட முக்கியமான மாற்றம் இன்னொன்று. வீட்டு வைஃபைக்கு வெளியே இருந்து உங்கள் சொந்த வீடியோவைப் பார்ப்பது அதுவரை இலவசம். இப்போது சர்வர் வைத்திருப்பவர் சந்தா கட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் பார்ப்பவர் மாதம் 1.99 டாலர் கட்ட வேண்டும். செலவு கூடிவிட்டது என்பது நிறுவனம் சொன்ன காரணம்.

வீடியோ உங்கள் டிஸ்க்கில் இருக்கிறது, உங்கள் இன்டர்நெட்டில்தான் போகிறது. ஆனால் லாகினும், சர்வர் எங்கே இருக்கிறது என்று ஆப்புக்குச் சொல்லும் வேலையும் ப்ளெக்ஸ் கையில். கதவு உங்களுடையது, சாவி அவர்களிடம். அந்த லாகின் தகவல்களும் 2022-லும் 2025-லும் கசிந்து, பாஸ்வேர்டை மாற்றச் சொன்னார்கள்.

மாற்று, ஜெல்லிஃபின். எம்பி என்ற மென்பொருள் தன் மூலக்குறியீட்டை மூடியபோது, 2018 டிசம்பரில் தன்னார்வலர்கள் பிரித்தெடுத்து வளர்த்தது. முழுக்க இலவசம், வெளி லாகின் எதுவும் கிடையாது. பளபளப்பு ப்ளெக்ஸை விடக் கொஞ்சம் கம்மிதான். உங்கள் டிவியின் ஆப் ஸ்டோரில் இருக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் ஆண்ட்ராய்டு டிவி பாக்ஸோ ஃபயர் டிவி ஸ்டிக்கோ போதும்.

எங்கே திணறும்?

டிவிக்குப் புரிகிற ஃபார்மட்டில் ஃபைல் இருந்தால் சர்வர் அதை அப்படியே அனுப்பிவிடும். பத்து வருஷப் பழைய லேப்டாப்கூட இதைச் செய்யும். புரியாவிட்டால் ஓடும்போதே மாற்றி அனுப்ப வேண்டும். இதுதான் டிரான்ஸ்கோடிங். ப்ராசஸர் மூச்சு வாங்குவது இங்கேதான். படம் சரியாக வந்து சத்தம் வரவில்லையா? டிடிஎஸ் ஒலியை உங்கள் டிவி ஏற்காததாக இருக்கலாம். பெரிய 4கே ஃபைல் என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

மின்சாரம் பெரிய செலவில்லை. 10 வாட் இழுக்கும் மெஷின் நாள் முழுக்க ஓடினால் மாதம் 7 யூனிட் சொச்சம்தான். லேப்டாப் என்றால் கரன்ட் போனாலும் பேட்டரி தாங்கும்.

பெங்களூரு பிஜியில் இருந்துகொண்டு மதுரை வீட்டு சர்வரைப் பார்க்க நினைக்கிறீர்களா? நம்ம ஊர் பிராட்பேண்ட் இணைப்புகள் பலவற்றில் ஒரே பொது ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். அதனால் யூடியூப் வீடியோக்களில் சொல்கிற போர்ட் ஃபார்வர்டிங் வேலைக்கே ஆகாது. டெயில்ஸ்கேல் மாதிரியான விபிஎன்னை இரு முனையிலும் போட்டால் போதும். தனிநபர் உபயோகத்துக்கு இலவசம், சர்வரைப் பொதுவெளியில் திறந்துவைக்கும் ஆபத்தும் இல்லை. ஆனால் இங்கேயும் ஒரு நிறுவனத்தின் லாகின் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை.

சட்டம்?

காப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, தனிப்பட்ட உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. டெலிகிராமில் இறக்கிய புதுப்படம் அந்தக் கணக்கில் வராது. ஆபீஸ் நண்பர்கள் இருபது பேருக்கு லாகின் கொடுத்துவிட்டு அதையும் தனிப்பட்ட உபயோகம் என்று வாதிடுவது கஷ்டம்.

ஆரம்பிப்பவர்கள் சினிமாவை விட்டுவிட்டு குடும்ப வீடியோக்களில் தொடங்கலாம். படம் என்றைக்காவது ஏதோ ஒரு ஓடிடியில் கிடைத்துவிடும், தாத்தா பேசிய வீடியோ கிடைக்காது. ஹார்ட் டிஸ்க் சொல்லிக்கொண்டு போகாது. அதனால் அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டுமாவது இரண்டாவது டிஸ்க்கில் ஒரு காப்பி எடுத்து, இன்னொரு வீட்டில் வைத்துவிடுங்கள்.