மருமகன் கேட்ட கருங்காலிப் பலகை

ரொறன்ரோவில் வாழும் என் தங்கையின் மகன் பேஸ் கிற்றார் வாசிப்பவன். கடந்த மாதம் அவனிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அங்குள்ள கைவினைஞர் ஒருவரிடம் தனக்கென்றே ஒரு பேஸ் கிற்றாரைச் செய்விக்கப் போகின்றானாம். உடற்பகுதிக்கு முதிரை, விரற்பலகைக்குக் கருங்காலி, இரண்டும் மட்டக்களப்புக் காட்டு மரமாகவே இருக்க வேண்டுமாம். "மாமா, பத்திரிகைக்காரர் உங்களுக்கு எல்லாரையும் தெரியும்தானே, ஒரு வழி பண்ணுங்கோ" என்று முடித்திருந்தான்.

முடியாது என்று எழுதினேன். மறுநாளே தங்கை தொலைபேசியில் அழைத்தாள். "என்ன அண்ணா, பிள்ளை ஆசையாக் கேட்டது ஒரு பலகைதானே?" என்றாள். அந்த ஒரு பலகையைப் பற்றித்தான் இங்கு எழுதுகின்றேன். இது என் மருமகனுக்கு மட்டும் உரிய மறுமொழி அன்று. ஊர் நினைவை ஒரு மரத்துண்டாகக் கையில் வைத்திருக்க விரும்பும் எல்லோருக்கும் உரியது.

முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். கிற்றார் செய்வோரின் விலைப்பட்டியல்களில் இத்தகைய மரங்களுக்கு 'எக்ஸோட்டிக்' என்று பெயர். எங்கோ தொலைதூரத்திலிருந்து வந்த, அரிய, கவர்ச்சியான பொருள் என்பது அதன் தொனி. யாருக்குத் தொலைதூரம்? படுவான்கரையில் பிறந்த என் தந்தைக்கு முதிரை என்பது வீட்டு நிலைக்கதவு. பாலை என்பது பழம் பொறுக்கப் போகும் மரம். தன் பாட்டனாரின் கதவு மரத்தைப் பேரன் 'எக்ஸோட்டிக்' என்று அழைக்கும்போது, அவன் நம்முடைய காட்டை நம்முடைய கண்ணால் பார்க்கவில்லை. வாங்குபவனின் கண்ணால் பார்க்கின்றான். என் முதல் வருத்தம் இதுதான்.

இனிக் கருங்காலிக்கு வருவோம். இம்மரம் மிக மெதுவாக வளர்வது. வெளிப்புற வெண்மரம் பயன்படாது. உள்ளே இருக்கும் கரிய வைரமே வேண்டப்படுவது. அந்த வைரம் போதிய பருமன் அடைய ஒரு மனித ஆயுள் போதாது. பேஸ் கிற்றாரின் விரற்பலகை ஏறத்தாழ இரண்டடி நீளமும் மூன்று அங்குல அகலமும் கால் அங்குலத் தடிப்பும் உடையது. சிறு துண்டுதான். ஆனால் அதில் வெடிப்பு, வளைவு, வெண்மரக் கீற்று எதுவும் இருத்தலாகாது. ஆகவே ஒரு நல்ல துண்டுக்காகக் கழிக்கப்படுவது பல மடங்கு. அமெரிக்காவின் டெய்லர் கிற்றார் நிறுவனம் ஒரு ஸ்பானிய நிறுவனத்துடன் சேர்ந்து 2011இல் கமரூன் நாட்டில் ஒரு கருங்காலி ஆலையை வாங்கியது. வெட்டப்படும் பத்து மரங்களில் ஏறத்தாழ ஒன்றுதான் முழுக் கருமையாக இருக்கின்றது, கீற்று விழுந்த ஏனையவை காட்டிலேயே கைவிடப்படுகின்றன என்பதை அதன் பின்னரே அறிந்ததாக அதன் நிறுவுநர் பொப் டெய்லர் வெளிப்படையாகச் சொன்னார். அதன்பின் கீற்றுள்ள மரத்தையும் தம் கிற்றார்களில் பயன்படுத்தத் தொடங்கினார்கள். கருமை என்பது ஒலியின் தேவை அன்று, கண்ணின் ஆசை என்பதை மரத்தை விற்பவரே ஒப்புக்கொண்ட இடம் அது.

இலங்கையில் கருங்காலியை வெளிநாட்டுக்கு விற்கத் தடை உண்டு. முதிரைக் குற்றியை அனுமதிப் பத்திரமின்றி ஊருக்குள் ஏற்றிச் செல்வதும் குற்றமே. அவ்வளவு ஏன், வீட்டு வளவில் நிற்கும் பலாவைக்கூட 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதியின்றித் தறிக்க இயலாது. ஆயினும் குற்றிகள் நகர்ந்துகொண்டுதான் இருக்கின்றன. என் தொழில் வாழ்வில் 'முதிரைக் குற்றிகளுடன் லொறி மடக்கிப் பிடிப்பு' என்ற மூன்று வரிச் செய்தியை எத்தனை முறை எழுதியிருப்பேன் என்ற கணக்கு என்னிடம் இல்லை. சாரதி கைது, உதவியாளர் தப்பியோட்டம், நீதிமன்றில் ஆஜர். அத்துடன் செய்தி முடிந்துவிடும். அந்தக் குற்றி யாருடைய வீட்டுக்கு, எந்தக் கப்பலுக்குப் போகவிருந்தது என்று ஒருமுறையேனும் நான் தேடிச் சென்று எழுதியதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டவனிடமே இப்பொழுது குற்றியை வாங்கித் தரும்படி கேட்கின்றார்கள். இம்முறையும் மௌனமாக இருந்தால் என் தொழிலுக்கு என்ன மரியாதை?

'நல்ல ஒலிக்கு நல்ல மரம் வேண்டாமா?' என்பது மருமகனின் வாதம். பார்ப்போம். 1951இல் லியோ பென்டர் சந்தைக்குக் கொண்டுவந்த பிரசிஷன் பேஸ் அவருடைய நாட்டிலேயே எளிதாகக் கிடைத்த ஆஷ், மேப்பிள் மரங்களால் ஆனது. அதன் ஒலி அரை நூற்றாண்டுக்கு மேலாக உலக இசையைத் தாங்கி நிற்கின்றது. திண்ம உடல் கொண்ட மின் கிற்றாரில் உருக்குத் தந்தியின் அதிர்வைக் காந்தமும் கம்பிச் சுருளும் மின்குறிப்பாக மாற்றுகின்றன. கழுத்துப் பகுதி எவ்வளவு விறைப்பானது என்பது ஒலி நீடிப்பதைப் பாதிக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த விறைப்பைத் தர எத்தனையோ பொருட்கள் உண்டு. 1980ஆம் ஆண்டளவில் வெளிவந்த ஸ்டைன்பெர்கர் பேஸ் கிற்றார் மரமே இல்லாமல், கரியிழையால் ஆனது. அதைக் குறைபட்ட கருவி என்று எவரும் ஒதுக்கவில்லை.

மரம் கூடுதலாகப் பேச வேண்டிய இடம் மின்சாரமில்லாத கிற்றார். அங்கும் ஒரு சோதனை நடந்தது. இங்கிலாந்தின் லங்காஸ்ரர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பின்பலகையும் பக்கப்பலகையும் மட்டும் வெவ்வேறு மரங்களால் ஆன ஆறு கிற்றார்களை 52 கலைஞர்களிடம் கொடுத்தார்கள். எது எந்த மரம் என்று தெரியாதபடி கண்ணை மறைத்து வாசிக்கச் செய்தார்கள். 2018இல் வெளியான முடிவின்படி, மிக விலையுயர்ந்த பிரேசில் நூக்க மரத்துக்கும் மலிவான மரத்துக்கும் கிடைத்த மதிப்பெண்கள் ஏறத்தாழச் சமம். 1995இல் பொப் டெய்லர் சரக்குத் தட்டு ஒன்றின் கழிவுப் பலகையிலிருந்து ஒரு கிற்றார் செய்து கண்காட்சியில் வைத்ததும் இதையே காட்டத்தான். மரத்தின் விலையைவிடச் செய்பவனின் கை பெரிது.

மேற்கத்தையர் சொல்வதை ஏன் நம்ப வேண்டும் என்பீர்களாயின், நம்மவரிடமே வருகின்றேன். சிலப்பதிகார அரங்கேற்றுகாதைக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார் குழலுக்குரிய பொருட்களை வரிசைப்படுத்துகின்றார். மூங்கில் உத்தமம், வெண்கலம் மத்திமம், சந்தனம், செங்காலி, கருங்காலி ஆகியவை கடைநிலை. ஆயினும் தம் காலத்தில் கருங்காலியையே வேண்டுவது பெருவழக்காகிவிட்டது என்றும் குறித்துச் செல்கின்றார். மோகம் புதிதன்று! சீவகசிந்தாமணியில் சீவகன் தனக்குத் தரப்பட்ட யாழ்களை ஒவ்வொன்றாகத் தள்ளுகின்றான். நீரில் நின்ற மரம், இடி விழுந்த மரம் என்று காரணம் சொல்கின்றான். அவன் கேட்டது பழுதற்ற மரம். அரிய மரம் அன்று.

இதே அரங்கேற்றுகாதையை அடியொற்றியே நம் காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் யாழ் நூலைப் படைத்தார். 1947இல் அது அரங்கேறியது. அதே ஆண்டில் அவர் மறைந்தார். மறைந்துபோன வில்யாழையும் பேரியாழையும் மகரயாழையும் அவர் மீட்க முயன்றது நரம்பின் நீளத்தையும் சுருதியின் கணக்கையும் கொண்டு. கருவியை வடிவமைப்பது என்றால் அதுதான். பட்டியலில் விரல் வைத்து மரம் தெரிவது வடிவமைப்பு ஆகாது.

மருமகனின் கடைசி அம்பு கூர்மையானது. 'நானூறு ஆண்டுகள் வெள்ளையர் வெட்டிச் சென்றார்கள். நமக்கு மட்டும் ஏன் உபதேசம்?' என்று கேட்டான். நியாயமான சினம். இலங்கைக்கே உரிய கலமந்தர் மரம், அன்னியர் அறைகளின் தளபாடங்களுக்காக வெட்டப்பட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே அருகிப்போய்விட்டது. 2012இல் அமெரிக்காவின் கிப்சன் நிறுவனம் மடகஸ்கார் கருங்காலி தொடர்பான வழக்கைத் தீர்க்க மூன்று இலட்சம் டொலர் தண்டம் செலுத்தியது. ஆக, பழைய வாடிக்கையாளர் இன்னும் திருந்திவிடவில்லை. ஆனால் அவர்கள் உண்டு மீந்ததை நாம் உண்டு தீர்ப்பது உரிமை மீட்பு ஆகுமா? தன் இனத்தை வெட்டும் கோடரிக்குக் காம்பாவதால்தான் துரோகிக்குக் கருங்காலி என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். அந்தப் பெயரை மரத்துக்குச் சூட்டியது அநியாயம். அது நமக்குப் பொருந்தாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

வேண்டாம் என்று சொல்லி நிறுத்துவது எளிது. ஆகவே என் மாற்று யோசனை இது. மட்டக்களப்பில் பழைய வீடுகள் இடிக்கப்படும்போது கழற்றப்படும் முதிரை நிலைகளும் வளைகளும் தளபாடக்காரரிடமும் விறகுக்கும் போகின்றன. பல பத்தாண்டுகள் காய்ந்த மரம் அது. கடற்காற்றையும் மாரியையும் கண்டு இனி முறுக்கிக்கொள்ளாது. கனடாவின் குளிர்கால வீடுகளின் வரண்ட காற்றில் பச்சை மரம் வெடித்துப் பிளக்கும். இத்தகைய மரமே நிலைத்து நிற்கும். அதையும் உரிய அனுமதியுடன், எங்கிருந்து வந்தது என்று எழுத்தில் காட்டக்கூடியதாகவே வாங்க வேண்டும். உடற்பகுதிக்குப் பூவரசு போதும். சிறுவயதில் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதினோமே, அதே பூவரசுதான். ஹவாய்த் தீவினர் அதை மிலோ என்று அழைத்து யுகுலேலி செய்கின்றார்கள். வளவில் வளரும், கிளை நட்டால் மீண்டும் துளிர்க்கும்.

கைக்கும் இங்கு குறைவில்லை. மட்டக்களப்புப் பறங்கியர் சமூகம் தலைமுறை தலைமுறையாகத் தச்சுத் தொழிலும் கொல்லுத் தொழிலும் செய்துவந்தது. அவர்களது திருமண வீடுகளில் வயலினும் கிற்றாரும் ஒலிக்கக் கப்ரிஞ்ஞா ஆடப்படும். மரமும் தந்தியும் இரண்டும் அறிந்த மக்கள். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை டச்பார் பகுதியில் அவர்களுள் பலரைக் கொண்டுபோனது. எஞ்சியவர்களின் கைத்திறனுக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு வேலை வருமானால் அது ஊருக்கு நன்மை. காட்டிலிருந்து ஒரு குற்றி போனால் ஊருக்கு மிஞ்சுவது அடிக்கட்டை மட்டுமே.

மருமகனுக்கு இதையெல்லாம் எழுதிவிட்டேன். எங்கள் வீட்டுப் பழைய பின்கதவின் நிலை ஒன்று இன்னும் கொட்டிலில் கிடக்கின்றது. அவனுடைய பாட்டனார் வைத்த நிலை அது. ஆணித் துளைகள் இரண்டு மூன்று உண்டு. நிறமும் கறுப்பன்று, மஞ்சள். அது போதும் என்றால் ஆவணியில் வரட்டும், தச்சரிடம் நானே அழைத்துச் செல்கின்றேன். கருங்காலிதான் வேண்டும் என்றால் இந்த மாமாவிடம் கேட்க வேண்டாம்.