விட்டுக்கொடுத்த முதலாளி

தலைமைப் பண்புகளைப் போதிக்கும் நூல்கள் உறுதியைப் பற்றியே ஓயாமல் பேசுகின்றன. நமக்கோ சோய்ச்சிரோ ஹோண்டா நினைவுக்கு வருகிறார். கார் எஞ்சினைக் காற்றால்தான் குளிர்விக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். 1969இல் வந்த ஹோண்டா 1300 அப்படித்தான் உருவானது. புகையைக் குறைக்க நீர்க்குளிர்ச்சியே வழி என்றனர் இளம் பொறியாளர்கள். பட்டறையில் வளர்ந்த மேதை எளிதில் இணங்குவாரா? நீங்கள் நிறுவனத்தின் தலைவரா, பொறியாளரா என்று கேட்டார் கூட்டாளி ஃபுஜிசாவா. ஹோண்டா பணிந்தார்.

அப்படிக் கேட்கக்கூடிய ஒருவரை இருபதாண்டுகளுக்கும் மேலாக அருகில் வைத்திருந்ததையே அவருடைய தலைசிறந்த பழக்கம் என்போம். (சிற்றிதழ் ஆசிரியர்களுக்கும் இப்படியொருவர் தேவை.)

அமெரிக்காவின் கடுமையான புகை விதிகளுக்கு ஈடுகொடுத்த சி.வி.சி.சி. எஞ்சின் 1972இல் அறிமுகமானது, நீரால் குளிர்விக்கப்பட்டது. மறு ஆண்டு இருவரும் சேர்ந்தே ஓய்வு பெற்றனர்.