மேலே ட்ரோன், கீழே உப்புக் கிணறு

ஆம்பூர் என்றால் பிரியாணி, அடுத்து தோல். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, கிணற்றுத் தண்ணீர். அதை யாரும் போர்டில் எழுதி வைப்பதில்லை. இந்தத் தண்ணீரைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே ஒரு ரெடிமேட் பதில் வரும்: "ட்ரோன் விட்டுப் பார்த்துடலாமே, சாட்டிலைட் வேற இருக்கே!" பேப்பரில் போட்டோவும் அழகாக வரும்தான்.

ஆனால் பாலாற்றங்கரைப் பிரச்சினை மேலேயிருந்து தெரிகிற பிரச்சினையா? பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பு போடுகிறார்கள். அந்த உப்பும், பதனிடும் குரோமியமும் கழிவுநீரோடு மண்ணுக்குள் இறங்குகின்றன. பாலாறு வருஷத்தில் முக்கால்வாசி நாள் வெறும் மணல். தண்ணீர் இருப்பது அதற்கு அடியில். அந்த ஆழத்து உப்பை எந்த கேமரா படம் பிடிக்கும்? சென்டினல்-2 செயற்கைக்கோளின் படத்தில் மிகச் சிறிய புள்ளியே தரையில் 10 மீட்டர். ஒரு கிணறு முழுசாக அதற்குள் காணாமல் போய்விடும்.

சரி, கழிவைத் திறந்து விடுவதாக ஊர்க்காரர்கள் சொல்வது எப்போது? மழை பெய்யும்போது, வெள்ளத்தோடு போகட்டும் என்று. பாலாற்றில் நுரை பொங்குவதும் அப்போதுதான். அதே நேரம் மேகம் செயற்கைக்கோளின் கண்ணை மறைக்கும், கொட்டும் மழையில் ட்ரோனும் பறக்காது. திருடன் வரும் ராத்திரி மட்டும் லீவு போடும் வாட்ச்மேன் மாதிரி...

1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் உச்சநீதிமன்றம் தந்த தீர்ப்பைப் புரட்டினால் ஒரு கணக்கு கிடைக்கும். திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் 467 கிணறுகள், கெட்டுப்போனவை 350. ஊர் ஊராகப் போய் எடுத்த சர்வே அது. மாசுபடுத்தியவரே பணம் கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்திய நீதிமன்றங்களில் வேரூன்ற வைத்த வழக்குக்கு இந்த மாதிரிக் கணக்குகள்தான் ஆதாரம்.

"அப்போ தரையில சென்சார் வெச்சா போதுமா?" அவசரப்பட வேண்டாம். 2014-லேயே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் டேனரி உட்பட 17 வகைத் தொழில்களுக்கும் பொது சுத்திகரிப்பு நிலையங்களுக்கும் ஆன்லைன் கண்காணிப்புக் கருவி வைக்கச் சொன்னது. வாங்கி வைப்பதும் பராமரிப்பதும் ஆலையின் பொறுப்பு! கம்பெனி தன் கணக்கைத் தானே ஆடிட் செய்து கையெழுத்துப் போட்டால் பி.காம். முதல் வருஷப் பையன்கூடச் சிரிப்பான். தவிர, அந்தக் கருவி அது வைத்திருக்கும் குழாயை மட்டுமே அளக்கும். வேறு வழியில் போகிற தண்ணீர் அதற்குத் தெரியாது.

ட்ரோனுக்கு வேலையே இல்லை என்று அர்த்தமில்லை. உப்புப் பூத்த நிலம் எது, அனுமதியில்லாத கழிவுத் தொட்டி எது என்று தேட உதவும். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிட்கோவில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் செத்தார்கள். அந்தத் தொட்டியைப் பார்க்கப் பறக்கவே வேண்டாம், வாசலில் நின்றாலே போதும்.

ஆகவே கருவி போக வேண்டிய இடம் விவசாயியின் கிணறு. மின் கடத்துதிறனை அளக்கும் சாதாரண மீட்டர் போதும், உப்பு ஏறினால் உடனே காட்டிக் கொடுக்கும். குரோமியத்தை அது சொல்லாது. அதற்கு மாதம் ஒரு பாட்டில் தண்ணீர் லேப்புக்குப் போக வேண்டும். முனையில் படியும் உப்பைக் கழுவ ஆள் வேண்டும். உள்ளூர் மகளிர் சுயஉதவிக் குழுவுக்குச் சம்பளம் கொடுத்தால் செய்வார்கள். 2025 ஜனவரி 30 அன்று அதே உச்சநீதிமன்றம் மறுபடி தலையிட்டு, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கச் சொன்னது. அந்தக் குழு ட்ரோன் டெண்டரைத் தள்ளி வைத்துவிட்டு, டேனரிகளிடம் பணம் வாங்கி இந்த மீட்டர்களைப் போடட்டும். அளவு தினமும் பஞ்சாயத்து போர்டில் சாக்பீஸால் எழுதப்படட்டும்.