மேகத்தில் உப்பு தூவினால் ஏரி நிரம்பாது

சித்தூர், திருப்பதிப் பக்கம் மானாவாரிக் கடலை வாடும்போதெல்லாம் ஒரு பேச்சு கிளம்பும்: "விமானத்தை அனுப்பி மழை வரவழைக்க வேண்டியதுதானே?" வெள்ளம் வந்தாலோ, "புயலைக் கடலிலேயே கலைத்துவிடலாமே" என்பார்கள். வானத்தைப் பொறியியலால் வசப்படுத்திவிடலாம் என்ற நம்பிக்கை இது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, வறட்சிக்கு மேக விதைப்பு மருந்து என்பது. அது மேகத்தை உண்டாக்காது. ஈரம் திரண்டு நிற்கும் மேகத்தில் உப்புத் துகளையோ சில்வர் அயோடைடையோ தூவித் துளியைப் பெருக்கும், அவ்வளவுதான். அந்த மேகமே வராததுதான் வறட்சி. 2025 அக்டோபர் 28இல் டெல்லி வானில் தூவிப் பார்த்தார்கள். ஈரம் போதவில்லை, சொல்லும்படி மழையும் இல்லை.

இரண்டாவது, இது நிரூபணமான தொழில்நுட்பம் என்பது. பாதி உண்மை. சோலாப்பூரில் புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் நடத்திய சோதனையில் சராசரியாக 18 சதவீதம் மழை கூடியது. 10 மி.மீ. பெய்யும் இடத்தில் 12 மி.மீ.கூட இல்லை. 2000களில் ஆந்திர அரசும் ராயலசீமையில் பல ஆண்டுகள் விமானம் பறக்கவிட்டது. தூவாமல் விட்டிருந்தால் எவ்வளவு பெய்திருக்கும் என்று ஒப்பிடாமல், பெய்ததையெல்லாம் விமானத்தின் கணக்கில் எழுத முடியுமா?

மூன்றாவது, புயலைக் கலைப்பது. அமெரிக்கா 1962 முதல் 1983 வரை 'ஸ்டார்ம்ஃப்யூரி' என்ற பெயரில் முயன்று, பலனில்லை என்று கைவிட்டது.

நான்காவது, வானில் கந்தகம் தூவி வெயிலையே மட்டுப்படுத்துவது. 1991இல் பினாடுபோ எரிமலை கக்கிய கந்தகம் பூமியைச் சுமார் அரை டிகிரி குளிர்வித்தது உண்மை. அடுத்த ஆண்டே உலக நிலப்பரப்பில் மழையும் குறைந்தது. இரண்டு பருவமழைகளையும் நம்பி வாழும் மாவட்டம் இந்தச் சூதாட்டத்தில் இறங்கலாமா?

வானத்தைக் கவனிப்பது வேறு, வளைப்பது வேறு. திருப்பதிக்கு அருகே காதங்கியில் இருக்கும் ரேடார் செய்வது முதல் வேலை, அது தேவை.

இங்கே மழையே இல்லை என்பதும் சரியல்ல. சித்தூருக்கு ஆண்டுக்குச் சுமார் 900 மி.மீ. மழை உண்டு. அனந்தபூருக்கு அதில் முக்கால் பங்குகூடக் கிடையாது. 2021 நவம்பரில் திருப்பதி அருகே ராயலசெருவு ஏரி நிரம்பிக் கரை கசிந்தது. மணல் மூட்டை அடுக்கினார்கள், கீழ்ப்புற ஊர்களைக் காலி செய்தார்கள். அன்று வானம் குறை வைக்கவில்லை, கரைதான் தாங்கவில்லை.

விமானத்துக்கு ஒதுக்கும் பணத்தில் முதலில் கரையைக் கட்டுங்கள், கலங்கலைச் சீராக்குங்கள், வரத்துக் கால்வாயைத் தூர்வாருங்கள். வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் ஒருசேர உதவுவது ஏரி ஒன்றுதான்.