கூடம் உண்மையாகவே கோணலாக இருந்தால்?

சென்ற வெள்ளிக்கிழமை மாலை, பிடோக் பேருந்து முனையத்தை அடுத்துள்ள உணவங்காடி நிலையத்தில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தேன். என் பழைய மாணவி ஒருத்தியின் தந்தை எதிரே வந்து அமர்ந்தார. நலம் விசாரித்து முடித்ததும் சற்றே முன்னால் குனிந்து, "சார், மகளுக்குச் சொந்தமாகத் துப்பாக்கி ஒன்று வாங்கலாமென்று இருக்கிறேன். எந்தெந்தப் பாகம் எதில் வாங்கினால் நல்லது?" என்று கேட்டார். பக்கத்து மேசையில் உணவருந்திக்கொண்டிருந்த முதியவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இருவரையும் திரும்பிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியும் போலிருக்கிறது.

முதலில் அந்த முதியவரின் அச்சத்தைப் போக்கிவிடுகிறேன். நாங்கள் பேசியது பள்ளியில் இணைப்பாட நடவடிக்கையாகச் சில பிள்ளைகள் பயிலும் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கி சுடுதலைப் பற்றி. நண்பரின் மகள் உயர்நிலை இரண்டில் பயில்கிறாள். என் மகள் அதே விளையாட்டில் ஐந்தாண்டுகளைக் கழித்தவள். அந்த அனுபவத்தை நம்பித்தான் நண்பர் என்னிடம் வந்தார். என் அனுபவத்தில் பாதி, நான் செய்த பிழை என்பது அவருக்குத் தெரியாது. அன்று அவரிடம் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுமையாக எழுதுகிறேன். துப்பாக்கியைத் தொடாத பெற்றோரும் ஆசிரியர்களும்கூட இறுதிவரை படிக்க வேண்டுகிறேன்.

அமெரிக்காவில் குழல், கட்டை, விசை என்று தனித்தனியே வாங்கி, தமக்கென்று ஒரு ரைஃபிளைத் தாமே பூட்டிக்கொள்வது பலருக்கும் பொழுதுபோக்கு. நம் ஊரில் அதற்கு இடமில்லை. 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டம் காற்றுத் துப்பாக்கியையும் ஆயுதமென்றே கொள்கிறது. சட்டத்துக்குப் புறம்பாக வைத்திருப்பவருக்குச் சிறையும் பிரம்படியும் உண்டு. இந்தக் கண்டிப்பு எனக்கு உடன்பாடே. என் மகளின் துப்பாக்கி ஒரு நாளும் பிடோக்கை வந்து பார்த்ததில்லை. சங்கத்தின் பூட்டிய ஆயுத அறையே அதற்கு வீடு. ஆகவே 'பாகங்களைத் தேர்வது' என்பதற்கு இங்கே பொருள் வேறு. போட்டிக்கென்று செய்யப்பட்ட துப்பாக்கி ஒன்றில், சுடுபவரின் உடலுக்கேற்ப மாற்றக்கூடிய உறுப்புகளைத் தேர்ந்து திருத்துவதே அது. அதுவும் சங்கத்தின் வழியாக, பயிற்றுநரின் முன்னிலையில்.

விளையாட்டின் நுட்பத்தை அறியாதவர்களுக்குச் சில செய்திகள். பத்து மீட்டர் தொலைவில் இருக்கும் இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் விட்டமுடையது. ரவையின் விட்டமோ 4.5 மில்லிமீட்டர். ஒரு சுடுதலுக்கு உயர்ந்த மதிப்பெண் 10.9. 75 நிமிடங்களில் 60 முறை நின்றபடியே சுட வேண்டும். துப்பாக்கியின் எடை ஐந்தரைக் கிலோவைத் தாண்டக் கூடாது. உருப்பெருக்கும் கண்ணாடிக்கு அனுமதி இல்லை. வலக்கைப் பழக்கமுள்ளவர் இடது முழங்கையை இடுப்பின் மேல் ஊன்றி, முதுகைச் சற்றே பின்னுக்குச் சாய்த்து, தசையால் தாங்காமல் எலும்பின் மேல் எடையை இறக்கி நிற்பார். பாரம் தசைக்குப் போனால் சிறிது நேரத்தில் உடல் நடுங்கத் தொடங்கும். அந்த நடுக்கத்தை இலக்கின் புள்ளி மன்னிக்காது.

இனி என் கதை.

என் மகள் முதல் ஆண்டு முழுவதும் சங்கத்தின் பொதுத் துப்பாக்கியில் பயின்றாள். அது சிறுவர்க்கான இலேசான வகை. பலர் கைபட்டுப் பளபளப்பு இழந்தது. அதில் சுட்டே அவள் 60 சுடுதலுக்கு 590 என்ற எண்ணைத் தொட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தச் சமயத்தில் தெரிந்தவர் ஒருவர், பெயர்பெற்ற ஜெர்மானிய நிறுவனத்தின் துப்பாக்கியைப் பாதி விலைக்கு விற்க முன்வந்தார். பெரியவர்க்கான அளவு. "வளர்கிற பிள்ளைதானே, இரண்டு ஆண்டில் சரியாகிவிடும்" என்று வாங்கிக் கொடுத்தேன். பள்ளிச் சீருடையை ஓர் அளவு பெரிதாக வாங்கித் தைத்துப் போடும் வழக்கம் நம் குடும்பங்களில் உண்டல்லவா? அதே கணக்கு.

அடுத்த சில மாதங்களில் 590 மெல்ல மெல்ல 570 ஆயிற்று. "துப்பாக்கி எனக்குச் சரியாக இல்லை, அப்பா" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பழமொழியைச் சொன்னேன்: ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! அதோடு நில்லாமல், தேசிய சேவையில் எங்களுக்குக் கொடுத்த எம்-16 துப்பாக்கி எவருடைய அளவுக்கும் செய்ததன்று, உயரமானவனும் குள்ளமானவனும் அதையே தூக்கிக்கொண்டு சுட்டோம் என்று ஒரு சொற்பொழிவும் ஆற்றினேன். அதன்பிறகு அவள் துப்பாக்கியைப் பற்றி என்னிடம் பேசவில்லை. கழுத்தும் வலத் தோளும் வலிப்பதாகத் தாயிடம் மட்டும் சொல்லி, இரவில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் பயிற்றுநர் என்னை அழைத்தார். அளவு நாடாவை எடுத்து, முழங்கையின் உள்மடிப்பிலிருந்து சுட்டுவிரலின் முதற்கணு வரை மகளின் கையை அளந்தார். பிறகு தோளில் பதியும் பிடங்கிலிருந்து விசை வரை துப்பாக்கியை அளந்தார். பிடங்கை எவ்வளவு உள்ளே தள்ளினாலும் துப்பாக்கி அவளுக்கு மூன்று சென்டிமீட்டர் நீளம். அந்த மூன்று சென்டிமீட்டரை ஈடுகட்டத்தான் பிள்ளை கழுத்தை நீட்டி, தோளைத் திருகி, முதுகை அளவுக்கு மீறி வளைத்து நின்றிருக்கிறாள். அரை மில்லிமீட்டருக்காகப் போராடும் விளையாட்டில் மூன்று சென்டிமீட்டர் கோணலை நானே காசு கொடுத்து வாங்கித் தந்திருக்கிறேன்!

"அப்போதே சொன்னேனே, அப்பா" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்கு வலித்தது.

ஆகவே நண்பருக்கு நான் சொல்லும் வரிசை இது. கடைக்காரர் சொல்லும் வரிசை பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக இருக்கும்.

முதலில், உடலைத் தொடும் பாகங்கள். பிடங்கு நீளத்திலும் உயரத்திலும் மாற்றத்தக்கதாக இருக்க வேண்டும். அதன் மிகக் குறைந்த நீளம் உங்கள் பிள்ளையின் இன்றைய கைக்குப் பொருந்த வேண்டும். நாளைய கைக்கு நீட்டிக்கொள்ளலாம், ஆனால் இன்றைய கைக்குக் குறைக்க முடியாவிட்டால் அந்தத் துப்பாக்கி வேண்டாம். அடுத்தது கன்னம் பதியும் கட்டை. கண்ணை மூடிக் கன்னத்தை இயல்பாக வைத்துப் பிறகு திறந்தால், பின்பக்கத் துளையின் நடுவே பார்வை தானாகவே விழ வேண்டும். தேடிப் பார்க்க வேண்டியிருந்தால் கட்டையின் உயரம் தவறு. பிறகு கைப்பிடியும் விசையும். சிறிய கைக்குச் சிறிய பிடி வேண்டும். விசையை முன்னும் பின்னும் நகர்த்த இயல வேண்டும். அடுத்தது, முன்கையின் மேல் துப்பாக்கியை உயர்த்தித் தாங்கும் தாங்குகட்டை. அது தாழ்ந்திருந்தால் பிள்ளை துப்பாக்கியை நோக்கிக் குனியும். துப்பாக்கிதான் பிள்ளையின் கண்ணுக்கு உயர்ந்து வர வேண்டும்.

இரண்டாவது, எடை. ஐந்தரைக் கிலோ என்பது மேல்வரம்பு, எட்ட வேண்டிய இலக்கன்று. குழலின் நுனியில் எடை சேர்த்தால் ஆட்டம் குறையும் என்பது உண்மைதான். ஆயினும் அந்த எடையைத் தாங்குவது வளரும் முதுகெலும்பு. இதில் பயிற்றுநர் சொல்லுக்கு மேல் பெற்றோர் சொல் வேண்டாம்.

மூன்றாவது, உடை. விறைப்பான மேலங்கியும் கால்சட்டையும் தட்டையான அடியுடைய காலணியும் நிலையாக நிற்க உதவுபவை. ஈராண்டில் பிள்ளை அவற்றைவிட வளர்ந்துவிடும். மூத்த மாணவர்கள் பயன்படுத்தியவற்றைக் கேட்டு வாங்குங்கள், வெட்கம் வேண்டாம். ஆனால் இங்கும் பெரிய அளவு உதவாது. தொளதொளத்த மேலங்கி சுமையே தவிரத் துணையன்று.

நான்காவது, பார்வைக்கான வளையம். முன்பக்கக் குழாய்க்குள் செருகும் வளையம் சிறிதாக இருந்தால் துல்லியம் கூடும் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். கருவட்டத்தைச் சுற்றி வெள்ளை தாராளமாகத் தெரியும் வளையமே தொடக்கத்தில் நல்லது. இறுக்கமான வளையத்தில் சிறு அசைவும் பெரிதாகத் தோன்றி, பிள்ளை விசையை இழுக்கத் தயங்கித் தயங்கி மூச்சை வீணாக்கும். விலையோ சில வெள்ளிதான்!

கடைசியாகத்தான் நிறுவனப் பெயரும் குழலும். ஃபைன்வெர்க்பாவ், வால்தர், அன்சூட்ஸ், ஸ்டெயர் ஆகியவற்றில் எதை வாங்கினாலும், பத்து மீட்டரில் ஒரு தொடக்கநிலை மாணவரின் பிழையைவிடக் குழலின் பிழை மிக மிகச் சிறியது. பழைய துப்பாக்கியானாலும் தாழ்வில்லை. ஆனால் அதன் காற்றுக்கலனில் பொறித்த தேதியைப் பாருங்கள். அழுத்தக் காற்றை அடைக்கும் கலத்துக்கு ஆயுள்வரம்பு உண்டு. விலை மலிவு என்று நான் குதித்தபோது அந்தத் தேதியையும் பார்க்கவில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: முதல் ஆண்டில் எதையும் வாங்காதீர்கள். பொதுத் துப்பாக்கியில் பயிலட்டும். எது உறுத்துகிறது, எது எட்டவில்லை என்று பிள்ளை தன் வாயால் சொல்லும் காலம் வரும். அதுவரை நாம் வாங்குவது பிள்ளைக்காக அன்று, நம் ஆசைக்காக.

"நல்ல கருவி இல்லாவிட்டால் மற்றப் பள்ளிப் பிள்ளைகளோடு எப்படிப் போட்டியிடுவது? நேரடிப் பள்ளிச் சேர்க்கைக்கு எண்கள் வேண்டாமா?" என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. உச்சத்தில் இருப்போர்க்கு ஒவ்வொரு நுணுக்கமும் கணக்கில் வரும் என்பதை மறுக்கவில்லை. 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை வென்றபோது அவருடைய கடைசிச் சுடுதல் 10.8. அந்த உயரத்தில் கருவியின் மயிரிழையும் பொருட்டுதான். நம் மார்ட்டினா வெலோசோ 2014இல், பதினான்கு வயதில், மியூனிக் உலகக் கோப்பையில் தங்கம் வென்றார். கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றார். குறளின் முதல் அதிகாரத்துச் சொல் ஒன்று உலக மதிப்பெண் பலகையில் ஒளிர்ந்ததைக் கண்டு இந்தத் தமிழாசிரியன் தனியே கைதட்டினான். ஆனால் அந்த உயரத்துக் கருவியை இந்தப் படிக்கட்டிலேயே வாங்குவதால் படிகள் குறைந்துவிடா. உடலுக்குப் பொருந்திய எளிய துப்பாக்கியில் சுடும் பிள்ளையின் எண் உயரும். பொருந்தாத உயர்ந்த துப்பாக்கியில் சுடும் பிள்ளையின் எண் சரியும். என் வீட்டில் நடந்தது அது.

இனி ஆசிரிய நண்பர்களுக்கு.

அந்த அளவு நாடாவைப் பார்த்த மறுவாரம் வகுப்புக்குப் போனபோது, கடைசி வரிசையில் அமரும் ஒரு மாணவனை நான் வேறு விதமாகப் பார்த்தேன். வாசிக்கச் சொன்னால், "சார், இந்தப் புத்தகம் கஷ்டம்" என்பான். முயற்சி இல்லை என்று பலமுறை கடிந்திருக்கிறேன். நம் ஊர் இந்தியர் இல்லங்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஆங்கிலத்தையே மிகுதியாகப் பேசுவதாக 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டியது. அவன் வீடும் அப்படிப்பட்டதே. வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்த பிள்ளையின் அளவுக்கு நான் தைத்த பாடத்தை அவனுக்கு மாட்டிவிட்டு, "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று காத்திருந்திருக்கிறேன். அவனுக்கு வேண்டியது எளிய பாடம் மட்டுமன்று. அவன் கைக்கு எட்டும் இடத்தில் தொடங்கி, வளர வளர நீட்டிக்கொள்ளத்தக்க பாடம்.

சாக்குச் சொல்லும் பிள்ளைகளே இல்லையா என்றால், இருக்கிறார்கள். ஆனால் அது சாக்கா உண்மையா என்பதை அளந்து பார்த்த பிறகே சொல்ல இயலும். அளக்க ஐந்து நிமிடம் போதும். பழமொழி சொல்ல ஐந்து வினாடி போதும் என்பதால் நாம் பழமொழியைத் தேர்ந்துகொள்கிறோம்.

என் மகளுக்கு அந்தத் துப்பாக்கியை விற்றுவிட்டு, நீளத்தைக் குறைக்கத்தக்க வேறொன்றை வாங்கினோம். பெயர் அவ்வளவு பெரிதன்று. 590ஐ மீண்டும் தொட அவளுக்கு ஏழு மாதம் ஆயிற்று, ஏனெனில் வளைந்து நின்று பழகிய உடலை நிமிர்த்துவதற்கே பாதிக் காலம் போயிற்று.

நண்பர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அப்படியானால் இப்போது எதையும் வாங்க வேண்டாம் என்கிறீர்களா?" என்றார். "ஓர் அளவு நாடா மட்டும் வாங்குங்கள். அளக்கும் முன் மகளிடம் கேளுங்கள்" என்றேன்.

உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ கூடம் உண்மையாகவே கோணலாக இருந்த நிகழ்ச்சி உண்டா? எழுதுங்கள். கற்றுக்கொள்ளக் காத்திருக்கிறேன்.