காலையில் மட்டும் மிஸ்ஸிங்... இன்ஜினைப் பிரிக்க வேண்டுமா?

கேள்வி: காய்கறி ஏற்றப் பழைய மாருதி ஆம்னி (கார்புரேட்டர் மாடல்) வைத்திருக்கிறேன். விடியற்காலையில் ஸ்டார்ட் செய்தால் மிஸ்ஸிங் அடிக்கிறது. வெயில் ஏறினால் சரியாகிவிடுகிறது. மரக்காணம் உப்பளத்தை ஒட்டியுள்ள மகள் வீட்டில் இரவு நிறுத்தினால் இன்னும் மோசம். பிளக் மாற்றியும் தீரவில்லை. ‘இன்ஜினை இறக்கி போர் வேலை செய்ய வேண்டும்’ என்கிறார் மெக்கானிக். மல்லாட்டை விதைக்கு வைத்திருக்கும் பணத்தை இதில் போடலாமா?
- வாசகர், குயிலாப்பாளையம்.

பதில்: விதைப் பணத்தில் இப்போது கை வைக்க வேண்டாம். பூச்சியா, பூஞ்சணமா என்று தெரியாமல் மருந்தடிப்பதும், எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று தெரியாமல் இன்ஜினைப் பிரிப்பதும் ஒன்றுதான்.

முதல் சோதனைக்குச் செலவே இல்லை. நன்றாக ஆறிய இன்ஜினை நண்பகலில் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். அப்போது மிஸ்ஸிங் இல்லையென்றால், காரணம் இன்ஜினின் குளிர்ச்சி அல்ல; காற்றின் ஈரம். அப்போதும் இருந்தால் சோக், கார்புரேட்டர், கம்ப்ரஷன் பக்கம் பார்க்கலாம்.

கடற்காற்றில் வரும் உப்பு, டிஸ்ட்ரிபியூட்டர் கேப், காயில், பிளக் ஒயர் மீது மெல்லிய படலமாகப் படிகிறது. உப்பு இரவுப் பனியை இழுத்துக்கொள்ளும். ஈர உப்பில் மின்சாரம் சுலபமாக ஓடும். அதனால் பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் வழியிலேயே கசிந்துவிடும். வெயிலில் படலம் உலர்ந்ததும் கசிவு நிற்கும். உப்பளம் பக்கம் நிறுத்தினால் மோசமாவதும் இதையே காட்டுகிறது. விடியுமுன் இருட்டில் இன்ஜின் மூடியைத் திறந்து ஓடவிட்டுப் பார்த்தால், கசியும் இடத்தில் நீலப்பொறி தெரியலாம். பெட்ரோல் ஒழுக்கு இல்லை என்று உறுதி செய்த பிறகே இதைச் செய்ய வேண்டும். ஒயரைக் கையால் தொடக் கூடாது.

அடுத்து, எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆம்னி 796 சி.சி., மூன்று சிலிண்டர் வண்டி. இன்ஜினை அணைத்து, ஒரு பிளக் ஒயரைக் கழற்றி, அதில் பழைய பிளக் ஒன்றை மாட்டி, அதன் இரும்புப் பகுதி இன்ஜினில் நன்றாகப் படும்படி கட்டிவிட்டு ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஓட்டம் மேலும் தடுமாறினால் அந்தச் சிலிண்டர் நன்றாக இருக்கிறது. எந்த மாற்றமும் இல்லையென்றால் அதுதான் குற்றவாளி. ஒவ்வொன்றாகச் சில நொடிகள் பார்த்தால் போதும்.

அதன் பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்ற வேண்டும். மிஸ்ஸிங்கும் கூடவே போனால் பிளக் கோளாறு. போகவில்லையென்றால் ஒயரை மாற்றிப் பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒரு பொருளைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது. மூன்று சிலிண்டரும் மாறி மாறித் தடுமாறினால், பொதுவான காயில், ரோட்டார், கேப் ஆகியவற்றையும் பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இப்போது வரும் 20 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். கேனில் மாதக்கணக்கில் வைத்ததை ஊற்றக் கூடாது.

பிளக்கின் நிறமும் இலையின் நிறம் போலத்தான். இளம்பழுப்பு நல்லது. உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம். பெட்ரோலில் நனைந்திருந்தால் பொறி வரவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மட்டுமே ரிங் மீது சந்தேகம் வர வேண்டும். அப்போதும் கம்ப்ரஷன் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே போர் வேலை. அளவு குறைந்த சிலிண்டரில் சிறிது இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அளவு ஏறினால் ரிங், போர் தேய்மானம். ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. வால்வு வேலைக்குப் போரைத் தொட வேண்டியதில்லை.

இந்த வண்டிக்கு முதலில் செய்ய வேண்டியது: ஒயர்களுக்கு எண் எழுதி ஒட்டிவிட்டு, கேப்பைக் கழற்றி, சோப்புத் தண்ணீரிலும் நல்ல தண்ணீரிலும் கழுவி, நன்கு உலர்த்த வேண்டும். உள்ளே மயிரிழை போலக் கருங்கோடு இருந்தால் கேப்பை மாற்ற வேண்டும். விரிசல் விட்ட ஒயர்களையும் மாற்றிவிடலாம்.

அதுவரை மிஸ்ஸிங்குடன் நெடுந்தூரம் ஓட்டக் கூடாது. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிவிடும். அப்படியே விட்டால், இன்று தேவைப்படாத போர் வேலை நாளை உண்மையிலேயே வந்துவிடும்.