தேய்ப்பது அட்டை, தேய்வது லாபம்

கும்பகோணத்தில் எழுதுபொருள் கடை நடத்தும் என் முன்னாள் மாணவர் ஒருவரை அண்மையில் சந்தித்தேன். பள்ளி திறக்கும் பருவத்தில் ஒருவர் கடன் அட்டையில் ரூ.5,000-க்குப் பொருள் வாங்கியிருக்கிறார். கடைக்காரரின் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்ததோ ரூ.4,882. "மீதி ரூ.118 எங்கே போயிற்று, ஐயா?" என்று கேட்டார். பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் பதில் சொல்லும் கடமை எனக்கு உண்டு.

அதில் ரூ.100 வணிகர் கட்டணம். அதாவது, விற்பனையில் 2 சதவீதம். எஞ்சிய ரூ.18 அக்கட்டணத்தின் மீதான ஜிஎஸ்டி. கட்டணத்தின் பெரும்பகுதி அட்டையை வழங்கிய வங்கிக்குச் செல்கிறது. மீதத்தை அட்டை நிறுவனமும், கடைக்குக் கருவி தந்த வங்கியும் பகிர்ந்துகொள்கின்றன. வாடிக்கையாளர் மகிழ்ந்து சேர்க்கும் பரிசுப் புள்ளிகளின் செலவிலும் ஒரு பங்கை இந்தக் கடைக்காரர்தான் சுமக்கிறார்.

இரண்டு சதவீதம் சிறிதாகத் தோன்றலாம். ஆனால், அது விற்பனையின் மீது கணக்கிடப்படுவது. லாபத்தின் மீது அன்று. 8 சதவீத லாபத்தில் விற்பவருக்கு ரூ.5,000 விற்பனையில் கிடைப்பது ரூ.400. அதில் ரூ.118 போனால், லாபத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் கரைந்துவிடுகிறது. ஜிஎஸ்டி காம்போசிஷன் திட்டத்தில் உள்ள சிறு வணிகர் அந்த ரூ.18-ஐ உள்ளீட்டு வரி வரவாகத் திரும்பப் பெறவும் வழியில்லை.

விதிகள் வணிகரை முற்றிலும் கைவிட்டுவிடவில்லை. 2020 ஜனவரி 1 முதல் ரூபே டெபிட் அட்டைக்கும் யுபிஐ-க்கும் வணிகர் கட்டணம் கிடையாது. ஆண்டு விற்பனை ரூ.20 லட்சம் வரை உள்ள வணிகரிடம் பிற டெபிட் அட்டைகளுக்கு, கருவி வழியே 0.40 சதவீதத்துக்கு மேல் வசூலிக்கக் கூடாது என்பது 2017 டிசம்பரில் ரிசர்வ் வங்கி வகுத்த வரம்பு. பெரிய வணிகருக்கு அது 0.90 சதவீதம். கடன் அட்டைக்கு இத்தகைய உச்சவரம்பு இல்லை.

எனவே, எல்லா அட்டைக்கும் ஒரே விகிதம் என்று வங்கி கூறினால் கடைக்காரர் அதை ஏற்க வேண்டியதில்லை. டெபிட், கடன், ரூபே என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விகிதத்தை எழுத்துமூலம் கேட்க வேண்டும். விற்பனை அளவுக்கான சான்றைக் கொடுத்து, சிறு வணிகர் பிரிவில் சேர்க்கக் கோர வேண்டும். கருவியின் மாத வாடகையை, அதில் நடக்கும் விற்பனையுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். யுபிஐ அட்டையைக் கல்லாவின் முன்னால் வைப்பது நல்லது. ஆனால், அதன் வழியே ரூபே கடன் அட்டையில் ரூ.2,000-க்கு மேல் செலுத்தப்பட்டால் கட்டணம் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. டெபிட் அட்டைக் கட்டணத்தை வாடிக்கையாளர் தலையில் சுமத்துவதும் விதிக்குப் புறம்பானது.

தனி வணிகரின் சாமர்த்தியத்துக்கு எல்லை உண்டு. எஞ்சியது அரசின் பொறுப்பு. ரூ.20 லட்சம் என்பது நாளொன்றுக்கு ஏறத்தாழ ரூ.5,500 விற்பனைதான். தெருமுனை மளிகைக் கடையே அதைத் தாண்டிவிடும். ஜிஎஸ்டி காம்போசிஷன் திட்டத்தின் பொது வரம்பான ரூ.1.5 கோடியோடு இதை இணைப்பது பொருத்தமாக இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் வங்கிகளுக்கு இடையிலான கட்டணத்தை டெபிட் அட்டைக்கு 0.2, கடன் அட்டைக்கு 0.3 சதவீதம் எனக் கட்டுப்படுத்தியது. நாமும் சிறு வணிகர்களுக்காவது கடன் அட்டைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு விதிக்கலாம்.

'வங்கிகளுக்குச் செலவில்லையா?' என்று கேட்கலாம். உண்டு. யுபிஐ இலவசமாக இருப்பதற்கும் யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார். 2024-25 நிதியாண்டில் சிறு வணிகர்களின் சிறுதொகைப் பரிவர்த்தனைகளை ஊக்குவிக்க மத்திய அரசு ரூ.1,500 கோடி ஒதுக்கியது. செலவைப் பகிர்வதில் தவறில்லை. பேரம் பேசும் வலிமை குறைந்தவர் மீது அதிகச் சுமை விழுவதே தவறு.

என் மாணவர் மறுநாளே வங்கிக்குக் கடிதம் எழுதினார். டெபிட் அட்டைக்கான விகிதம் குறையக்கூடும். கடன் அட்டைக்கான விகிதத்தைக் குறைக்க, ஒரு கடைக்காரரின் கடிதம் போதாது.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).